தரை உண்மை: தஞ்சை நெல்லை அளந்த கதை

1

2014 சம்பாப் பருவத்தில் எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம். ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டத்துக்குத் திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வயல் விவரம் சேகரிக்க ஆள் தேடினார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. தினக்கூலிதான். ஒரு போனும் ஒரு கட்டுப் படிவமும் கொடுத்தார்கள். அவர்கள் குறித்துக் கொடுத்த வயலின் நடுவில் போய் நிற்க வேண்டும். போன் காட்டுகிற அட்சரேகை தீர்க்கரேகையை எழுத வேண்டும். நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். நட்ட தேதி, நெல் ரகம், பயிரின் உயரம், தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது, எல்லாவற்றையும் படிவத்தில் ஏற்ற வேண்டும். செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படம் சரிதானா என்று ஒத்துப் பார்க்க இந்த விவரம். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கிரவுண்ட் ட்ரூத்'. தரை உண்மை என்று தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தமிழ் படித்தவளுக்கு அந்தச் சொல் பிடித்துப் போயிற்று.

ஒருநாள் நடவு நடக்கிற வயலில் இறங்கினேன். வரிசையாகக் குனிந்து நின்ற பெண்கள் பக்கத்து ஊர்ச் சேரிக்காரர்கள். என்னைப் பார்த்ததும் எங்கள் சனம் என்று தெரிந்துகொண்டார்கள். ஒரு அத்தை நிமிர்ந்து கேட்டது:

"ஏ பாப்பா, என்னத்தப் படம் புடிக்கிற?"

"வயலத்தான் அத்தை. மேலேருந்து சேட்டிலைட்டு பாக்குதுல்ல, அது சரியா பாக்குதான்னு நாங்க சரிபாக்கணும்."

"எல்லாத்தையும் பாக்குமா அது?"

"வயலு, தண்ணி, பயிரு எல்லாம் தெரியும்."

"இன்னைக்கி நாங்க இருவத்திமூணு பேரு எறங்குனோம். இருவதுன்னு எழுதிட்டுப் போயிட்டான். அத சொல்லுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையிலிருந்த படிவத்தில் 'விவசாயி பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பட்டாதாரர் பெயரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்த வயலின் பட்டாதாரர் கும்பகோணத்தில் இருந்தார். அவர் பெயரை எழுதிவிட்டு அடுத்த வயலுக்குப் போனேன்.

பத்து வருசத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தஞ்சை டெல்டாவின் நெல்லை அளக்கவும் பெருக்கவும் காக்கவும் விஞ்ஞானம் வந்த வரலாறு நூறாண்டு நீளமுள்ளது. அந்த வரலாற்றை எழுதியவர்கள் விதையின் பெயரை எழுதியிருக்கிறார்கள், உரத்தின் அளவை எழுதியிருக்கிறார்கள். விதைத்த கையை எங்கே எழுதினார்கள் என்று தேடிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

2

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922இல். 1985இல் அது தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிறுவனமாக உயர்ந்தது. இன்று டெல்டாவில் யாரிடம் கேட்டாலும் ஏடிடி என்ற எழுத்துகளோடு நாலு நெல் பெயர் சொல்வார்கள். அந்த நிலையம் தொடங்கிய காலத்தில் அதைச் சுற்றியிருந்த வயல்களில் வேலை செய்தவர்கள் யார்? பண்ணையாட்கள். பெரும்பாலும் பள்ளரும் பறையரும். மிராசுதார் பண்ணைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டவர்கள். குடியிருந்த மனைக்கட்டுகூடப் பண்ணைக்குச் சொந்தம். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம். ஆராய்ச்சிக் கணக்கில் ஒரு வயலுக்கு விதை இவ்வளவு, எரு இவ்வளவு, மகசூல் இவ்வளவு. பண்ணைக் கணக்கில் ஆள் இத்தனை, மாடு இத்தனை. இரண்டு கணக்கும் ஒரே வயலைப் பற்றியவைதான். ஒன்று விஞ்ஞானத்திற்குள் போனது. மற்றது காரியக்காரர் நோட்டோடு போய்விட்டது.

செங்கொடிச் சங்கமும் சேரி மக்களும் 1940களில் நடத்திய போராட்டங்களின் அழுத்தத்தில் 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி நிறுத்தக்கூடாது, கூலி இவ்வளவு தரவேண்டும் என்றது சட்டம். மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பலர் பண்ணையாளை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு அதே ஆளைக் கூப்பிட்டார்கள். பண்ணையாள் என்று எழுதினால்தானே சட்டம் பேசும்! ஏட்டில் பெயர் இருந்தால் உரிமை வரும், ஆகவே ஏட்டிலிருந்து பெயரை எடு. இந்தத் தந்திரத்தை மறந்துவிட வேண்டாம். பிறகு கம்ப்யூட்டர் காலத்திலும் இதைப் பார்க்கப் போகிறோம்.

அடுத்து வந்தது 'பேக்கேஜ் திட்டம்'. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் நிபுணர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் முதலில் ஏழு மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. பஞ்சாபில் லூதியானா, ஆந்திராவில் மேற்கு கோதாவரி, தமிழ்நாட்டில் தஞ்சாவூர். விதை, உரம், பூச்சிமருந்து, கூட்டுறவுக் கடன், ஆலோசனை, இவற்றை ஒரே கட்டாகக் கொடுப்பது. ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பண்ணைத் திட்டப் படிவம். எவ்வளவு நிலம், என்ன பயிர், எவ்வளவு கடன் தேவை என்று அதில் நிரப்ப வேண்டும். நிலம் என்ற கட்டம் காலியாக இருந்தால் படிவமே கிடையாது. படிவம் இல்லையென்றால் கடன் கிடையாது. வாய்மொழிக் குத்தகையில் உழுதவர்களும் கூலிக்கு உழுதவர்களும் அந்தக் கட்டுக்கு வெளியே நின்றார்கள்.

1960களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. ஜப்பான் நெல்லையும் நம் நெல்லையும் சேர்த்து உண்டாக்கிய குறுவை ரகம். அப்போது எங்கள் அப்பாயிக்கு இருபது வயது இருக்கும். அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஆடுதொற வெதன்னு கொண்டாந்தாங்க. மருந்து போடு, உப்பு போடுன்னாங்க. வெளஞ்சிச்சி, இல்லங்கல. களையும் சேந்து வெளஞ்சிச்சி. ஒரு தடவ களை எடுத்த வயல்ல ரெண்டு தடவ எடுத்தோம். மூட்டை கூடுச்சே ஒழிய மரக்கா கூடல."

அப்பாயி உப்பு என்று சொல்வது ரசாயன உரத்தை. மூட்டை கூடியது மிராசுதாருக்கு. மரக்கால் அளவில் வாங்கிய கூலி அப்படியே நின்றது. ஒரு விதையின் சமூக வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

கூலி உயர்வு கேட்டதற்காகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், குடிசையில் வைத்து எரித்தார்கள். எரித்தவர்கள் பக்கம் நின்ற அமைப்பின் பெயரைக் கவனியுங்கள்: நெல் உற்பத்தியாளர் சங்கம். நெல்லை உற்பத்தி செய்தவர் யார் என்ற கேள்விக்கு அந்தப் பெயரே ஆதிக்கச் சாதியின் பதில். பேக்கேஜ் திட்டத்தின் மாதிரி மாவட்டம், பசுமைப் புரட்சியின் முன்னோடி மாவட்டம், வெண்மணியின் மாவட்டம், மூன்றும் ஒரே மாவட்டம். அரசியல் அறிஞர் ஃபிரான்சின் ஃபிராங்கல் 1971இல் எழுதிய பசுமைப் புரட்சி பற்றிய நூலில் தஞ்சாவூருக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1951 முதல் 53 வரை இங்கே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1976இல் திரும்பி வந்தார். விளைச்சல் கூடிய அளவுக்குக் கூலியாட்களின் வாழ்க்கை மேலேறவில்லை என்பதை எழுதினார். இப்படிச் சிலர் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் எழுதியது சமூகவியல் அலமாரிக்குப் போனது. வேளாண் கல்லூரிப் பாடத்துக்குள் வரவில்லை.

வெண்மணிக்குப் பின்பு, 1969இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். மற்றது குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். இரண்டாவது சட்டப்படி யார் உண்மையில் சாகுபடி செய்கிறாரோ அவர் பெயர் ஏட்டில் ஏற வேண்டும். ஏறியவர்கள் உண்டு. ஏறாதவர்கள் அதைவிட அதிகம். "பேரப் பதியணும்னு கேட்டா அடுத்த வருசம் நெலம் கெடைக்காது" என்பதைச் சேரியில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

3

வயலோடு கதை முடியவில்லை. அறுத்த நெல்லுக்கும் விஞ்ஞானம் வந்தது. குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். ஈர நெல் முளைத்துப்போகும், நாற்றமடிக்கும். திருவாரூர் நவீன அரிசி ஆலையோடு 1967இல் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். 1972இல் அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமானது. ஈர நெல்லில் உப்பும் உமியும் கலந்து கெடாமல் வைக்கிற எளிய முறையை அங்கே உருவாக்கினார்கள். 1984இல் தஞ்சாவூருக்கு இடம் மாறியது. பெயர்களும் மாறிக்கொண்டே வந்தன. 2017இல் இந்திய உணவுப் பதன தொழில்நுட்ப நிறுவனம். 2021முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம், நிஃப்டெம். அரிசி மாவுச்சத்தை முப்பரிமாண அச்சுப்பொறியில் தின்பண்டமாக அச்சிடுகிற அளவுக்கு இன்று அங்கே ஆராய்ச்சி போயிருக்கிறது.

நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஈர நெல் யாருக்குப் பிரச்சினையோ இல்லையோ, சேரிக்குப் பெரிய பிரச்சினை. கூலியாக அளந்ததே ஈர நெல்தான். "ஈர நெல்ல அளந்தா படி நெறஞ்ச மாதிரி இருக்கும். காயவெச்சிப் பொடச்சா சுருங்கிப் போயிரும்" என்று அப்பாயி சொல்லும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லைத் தள்ளிவிடுகிறார்கள். மழைக் காலத்தில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி ஒவ்வொரு வருசமும் விவசாயிகள் போராடுகிறார்கள், தில்லியிலிருந்து குழு வந்து பார்க்கிறது. நியாயமான போராட்டம். ஆனால் கூலிக்காரி மடியில் விழுந்த நெல்லுக்கு எந்தக் காலத்திலும் யாரும் ஈரமானி வைத்துப் பார்த்ததில்லை. கருவி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்கள் நாம் இல்லை.

4

கம்ப்யூட்டர் கிராமத்துக்கு வந்த கதையில் ஒரு நல்ல பகுதியும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. நெல் விலை, மருத்துவமனை விவரம், வானிலை, அரசுத் திட்டங்கள், எல்லாம் தமிழில். மையம் வைக்க ஊர்தான் இடம் தர வேண்டும். தருகிற இடம் தலித்துகள் உட்பட எல்லோரும் வந்துபோகக்கூடிய பொது இடமாக இருக்க வேண்டும் என்று ஊரோடு பேசி நிபந்தனை வைத்தார்கள். நிபந்தனை முழுக்க நிறைவேறியதா என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அது வேறு விவாதம். ஆனால் ஒரு கம்ப்யூட்டரை மேசையில் வைப்பதற்கு முன்னால் 'அந்த வாசலை யார் மிதிக்கலாம்' என்று கேட்டார்களே, அது முக்கியம்.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001 வாக்கில் சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இணையக் கடைகளை நடத்தின. அதை ஆராய்ந்தவர்களின் முடிவு நமக்குப் புதிதல்ல. கடைக்கு வருவதைச் சாதி, வயது, ஆண் பெண், படிப்பு எல்லாம் தீர்மானிக்கின்றன. ஆனால் ஒடுக்கப்பட்டவர்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் கடையை வைத்தால் அவர்கள் வருகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஹார்வர்டு வேண்டுமா என்று கேட்கலாம். டீக்கடையில் தனிக் குவளை பார்த்த எவருக்கும் தெரியும். என்றாலும் விஞ்ஞானத்தின் தாளில் அது ஏறியது நமக்கு ஒரு சாட்சியம்.

2004 அக்டோபரில் இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து செயற்கைக்கோள் இணைப்புள்ள கிராம வள மையங்களைத் தொடங்கின. முதலில் தொடங்கியவற்றில் ஒன்று நம் திருவையாறு. ஆக டெல்டாவில் செயற்கைக்கோள் முதலில் பேசுவதற்காக வந்தது. பார்ப்பதற்காக வந்தது அதற்குப் பிறகு. பேசுகிற மையத்துக்கு ஒரு வாசல் உண்டு, அதில் யார் நுழையலாம் என்று சண்டை போட இடம் உண்டு. மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு வாசலே கிடையாது. சண்டையை எங்கே போய்ப் போடுவது?

5

2012 வாக்கில் 'ரைஸ்' என்ற சர்வதேசத் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், சுவிட்சர்லாந்தின் சார்மேப் என்ற நிறுவனம், சுவிஸ், ஜெர்மன் வளர்ச்சி உதவி அமைப்புகள், அலியான்ஸ் காப்பீட்டு நிறுவனம் எல்லாம் சேர்ந்தது. காவிரி டெல்டா அதன் முக்கியமான களம்.

அது வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரண செயற்கைக்கோள் படத்துக்கு வெளிச்சம் வேண்டும். நம் சம்பாவோ வடகிழக்குப் பருவமழை மேகத்தின் கீழே வளர்கிற பயிர். ஆகவே ரேடார். அது தன் அலையைத் தானே கீழே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மேகமும் இருட்டும் அதற்குத் தடை இல்லை. நடவுக்கு முன் சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயலில் அலை கண்ணாடியில் பட்டதுபோல வேறு பக்கம் சிதறிவிடும். திரும்பி வருவது குறைவு, படத்தில் வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் தூர் கட்டி வளர வளர, திரும்பி வரும் அலை கூடும். இந்த ஏற்றத்தை வைத்து எங்கே நட்டார்கள், எப்போது நட்டார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்த விவரத்தை ஒரிசா என்ற பயிர் வளர்ச்சிக் கணக்கு மாதிரியில் கொடுத்தால் மகசூல் மதிப்பீடு வருகிறது. ஒரிசா என்பது ஊர்ப் பெயர் இல்லை, நெல்லின் அறிவியல் பெயர். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2014இல் ஏவிய சென்டினல்-1ஏ பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே வயலின் மேல் வந்து போனது. ஏறத்தாழ 20 மீட்டர் சதுரம்வரை பிரித்துப் பார்க்கும்.

2016இல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அந்த வருசமே மழை பொய்த்தது, காவிரியும் இல்லை. டெல்டாவில் விவசாயிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நடவே நடக்காத கிராமங்கள் எவை, பயிர் கருகிய கிராமங்கள் எவை என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க நேரம் இல்லை. பல்கலைக்கழகத்தின் ரேடார் கணக்கைக் காப்பீட்டுக்குப் பயன்படுத்தினார்கள். பணம் முன்னைவிட வேகமாக வந்தது. இது ஒரு சாதனை, மறுக்கக் கூடாது.

எங்கள் வீட்டுக் கதையை இங்கே வைக்கிறேன். அப்பா கடைமடையில் 2 ஏக்கர் வாய்மொழிக் குத்தகை. நிலக்காரர் சென்னையில் இருந்தார். கெட்டவர் இல்லை. அந்த நிலத்தைக் காட்டி அவர் பயிர்க் கடன் வாங்கியிருந்தார். 2020வரை பயிர்க் கடன் வாங்கியவர்களுக்குக் காப்பீடு கட்டாயம். ஆகவே பிரீமியம் அவர் கணக்கில் தானாகப் பிடிக்கப்பட்டது. எங்க அப்பா விதைக்கும் உழவுக்கும் அம்மாவின் தோட்டை அடகு வைத்தது, மீதியை வட்டிக்கு வாங்கியது. பயிர் தை பிறக்குமுன்பே காய்ந்தது. செயற்கைக்கோள் சரியாகப் பார்த்தது. அந்த 2 ஏக்கரின் நட்டத்தையும் பார்த்தது. பணம் நிலக்காரர் கணக்குக்குப் போனது. "குத்தகை நெல்லு இந்த வருசம் வேண்டாம்பா" என்று போனில் சொன்னார். அப்பா அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது. காப்பீடு வந்த விசயம் அதற்கு ஒரு வருசம் கழித்துத்தான் தெரியும். தெரிந்தபோதும் கேட்கவில்லை. "கேட்டா நெலம் போயிரும்" என்றது. தோடு மூழ்கிப் போனது.

இதில் யார் தப்பு செய்தார்கள்? நிலக்காரர் சட்டத்தை மீறவில்லை. ரேடார் பொய் சொல்லவில்லை. குத்தகைதாரரும் காப்பீடு செய்யலாம் என்று திட்ட விதியிலேயே இருக்கிறது. ஆனால் அதற்குச் சாகுபடிச் சான்று வேண்டும். சான்றுக்கு நிலக்காரர் சம்மதம் வேண்டும். 1969 சட்டத்தின் கீழ் நிரப்பப்படாமல் போன கட்டம் 2017இல் எங்கள் அம்மாவின் காதிலிருந்து தோட்டைக் கழற்றியது. தொழில்நுட்பம் புதுசு. அதன் அடியில் விரித்திருக்கிற ஏடு பழசு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காப்பீடு கிராமத்தின் சராசரியைப் பார்க்கிறது. எங்கள் சனத்துக்கு எங்காவது சொந்த நிலம் கொஞ்சம் இருந்தால் அது பெரும்பாலும் வாய்க்காலின் கடைசியில்தான் இருக்கும். தலைமடை வயல் விளைந்து கடைமடை வயல் காய்ந்தால் சராசரியில் கிராமம் தப்பித்துவிடும். எங்களுக்கு ஒன்றும் வராது. ரேடாருக்கு இரண்டு வயலும் தனித்தனியாகத் தெரிகிறது. தெரிந்ததைச் சேர்த்துக் கலக்கிச் சராசரி ஆக்குவது விதி. விதியை எழுதியது மனிதர்கள்.

6

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் இதே பாதையில் வந்தன. 2019இல் பிஎம் கிசான், வருசம் 6,000 ரூபாய், நிலம் உள்ள குடும்பத்துக்கு மட்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையப் பதிவு, சிட்டா அடங்கலோடு. 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது வேளாண் கல்லூரி மாணவ மாணவியரைச் சேற்றில் இறக்கினார்கள். அந்தப் பிள்ளைகளைப் படத்தில் பார்த்தபோது 2014இல் போனோடு நின்ற என்னையே பார்த்தேன். 2025இல் விவசாயிக்குத் தனி அடையாள எண் வந்தது. அந்த எண் பட்டாவோடு கட்டப்பட்டது. விவசாயி என்றால் பட்டாதாரர் என்று ஃபோர்டு காலத்துப் படிவம் சொன்னதை இனி சர்வர் சொல்லும். 1952இல் பண்ணையாள் பெயரை ஏட்டிலிருந்து எடுக்க மிராசுதார் மெனக்கெட வேண்டியிருந்தது. இப்போது யாரும் மெனக்கெட வேண்டாம், பெயர் ஏறவே வழியில்லை.

திருவாரூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு 34 பேர் தலித்துகள். இவர்களில் எத்தனை பேருக்கு அந்த எண் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் தோழர்கள் சிலர் இந்த மெசினே வேண்டாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த அத்தை கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். 'இருவத்திமூணு பேர் எறங்குனோம், அத சொல்லுமா?' ரேடாருக்கு ஆள் தெரியாது. ஆனால் எந்த வயலில் நடவு நடந்தது, எதில் நடக்கவில்லை என்று தெரியும். கைநடவுக்கு ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேண்டும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நடவு மெசினும் நேரடி விதைப்பும் வந்த ஊரில் கணக்கு மாறும், அதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரு கிராமத்தில் 300 ஏக்கர் நடவு நடக்கவில்லை என்று ரேடார் சொன்னால், பெண்களுக்கு மூவாயிரம் நாள் கூலி போயிற்று என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. களை, அறுப்பு தனி. மகசூல் நட்டத்தைக் கணக்கிட்ட அதே படம் கூலி நட்டத்தையும் கணக்கிடும். இந்தப் பெருக்கலைப் போட்டுக் கொடு என்று எந்தப் பல்கலைக்கழகத்திடமும் எந்த அரசும் கேட்டதாக நான் அறியவில்லை.

கேட்க முடியாத காரியம் இல்லை இது. ஆந்திராவில் 2011இல் ஒரு சட்டம், 2019இல் இன்னொரு சட்டம் போட்டுக் குத்தகைச் சாகுபடியாளருக்கு அட்டை கொடுத்தார்கள். நிலக்காரர் கையெழுத்து என்ற முள் அங்கேயும் குத்துகிறது. என்றாலும் அப்படி ஒரு கட்டம் ஏட்டில் இருக்கிறது. ஒடிசாவில் 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டத்தில் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் குத்தகைதாரரையும் சேர்த்தார்கள். நம் பக்கத்தில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாஃப்டி அமைப்பு 1981இலிருந்து நிலம் வாங்கித் தலித் பெண்கள் பெயரில் பட்டா எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் ஒரு பெயர் ஏறுவதற்கு எத்தனை வருசப் போராட்டம் தேவைப்பட்டது என்பதற்கு அந்தப் பட்டாக்களே ஆவணம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பில் பட்டாதாரர் பெயருக்குப் பக்கத்தில் சாகுபடி செய்பவர் பெயர் ஏற வேண்டும், அதனால் நிலம் பறிபோகாது என்ற சட்டப் பாதுகாப்போடு. கிராமச் சராசரியில் கடைமடை வயல்களை மூழ்கடிக்கக் கூடாது. பயிர் போன கிராமத்தில் கூலி போனவர்களுக்கும் இழப்பீடு வேண்டும். மூன்றுக்கும் புதுச் செயற்கைக்கோள் தேவையில்லை.

அதுவரை சும்மா இருக்க முடியாது. எங்கள் தெருவில் போன குறுவையிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிளஸ் டூ படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள் சாயந்தரம் வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்கள். தேதி, யார் வயல், சர்வே எண், என்ன வேலை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, பேசின கூலி, கையில் வந்த கூலி. குத்தகைக்குச் செய்கிறவர் யார் என்பதைத் தனியாக, கடைசிப் பக்கத்தில், அவர்கள் சம்மதித்தால் மட்டும். எங்க அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. "யோசிச்சிச் சொல்றேன்" என்றிருக்கிறது.

இதைப் படிக்கிற மாணவர்கள், சங்கத் தோழர்கள், அவரவர் ஊரில் ஒரு நோட்டைத் தொடங்குங்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரி இப்படி இருக்கிறது: நாத்துப் பறி, ஆண் 6. நடவு, பெண் 19. மூணு பேருக்குக் கூலி பாக்கி.